டயருக்குள் ஓடும் பால்: ரப்பர் ரிட்லியும் காஜாங் மண்ணும்

காஜாங், ஜாலான் ரேக்கோ பக்கம் ஒரு டயர் கடை. சனிக்கிழமை காலை. என் அண்ணன் வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் செடான் காருக்கு நான்கு டயரும் மாற்ற வேண்டியிருந்தது. மருத்துவமனைக்குப் போய்த் திரும்பும் வழி என்பதால் பாட்டியும் எங்களோடு வந்திருந்தார். அவருக்கு வயது எண்பதை நெருங்குகிறது. பன்னிரண்டு வயதில் தன் அம்மாவோடு நிரைக்குப் போனவர். உலு லங்காட் வட்டாரத் தோட்டம் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் பால் மரம் சீவியவர்.

அண்ணனும் கடைக்காரரும் எண்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பாட்டி அடுக்கி வைத்திருந்த புதுடயர் ஒன்றின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு மெல்ல முகர்ந்தார். இதில் நம் பால் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கடைக்காரரிடம் கேட்டேன். இயற்கை ரப்பர் இல்லாமல் கார் டயர் இல்லை, ஆனால் இப்போது அது எந்த நாட்டு மரத்திலிருந்து வருகிறது என்று யாருக்குத் தெரியும் என்று அவர் சிரித்தார்.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். டயருக்கும் நம் தோட்டப்புறத்துக்கும் நடுவில் ஒரு மனிதர் நிற்கிறார். பள்ளியில் வரலாறு படித்த எல்லாருக்கும் அவர் பெயர் தெரியும். ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி. பெயரைத் தாண்டி அவர் யார், என்ன செய்தார், அதனால் நமக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான் நம்மில் பலர் கேட்டதில்லை.

பாதிரியார் வீட்டுப் பிள்ளை

ரிட்லி 1855 டிசம்பர் 10-ஆம் நாள் இங்கிலாந்தின் நோர்ஃபோக் வட்டாரத்தில் வெஸ்ட் ஹார்லிங் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை தேவாலயப் பாதிரியார். தாயைச் சிறு வயதிலேயே இழந்த பிள்ளை. பூச்சி, பறவை, செடி என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்து வைக்கும் பழக்கம் அவருக்குச் சின்ன வயதிலேயே இருந்தது. ஆக்ஸ்போர்டில் படித்து முடித்து, 1880-இல் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் தாவரவியல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பெயர் எழுதும் அமைதியான வேலை. 1887-இல் பிரேசில் கரைக்கு அப்பால் உள்ள பெர்னாண்டோ டி நோரோன்யா தீவுக்கு ஓர் ஆய்வுப் பயணம் போய் வந்தார்.

மறு வருடம் அவருக்குப் புது வேலை கிடைத்தது. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவை நடத்தி, பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் பூங்காக்களையும் காடுகளையும் பார்த்துக்கொள்ளும் இயக்குநர் பதவி. அப்போது அவருக்கு வயது 32.

1888: இரண்டு கதைகள் தொடங்கிய வருடம்

ரிட்லி சிங்கப்பூரில் இறங்கிய அதே 1888-ஆம் வருடம், அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் இன்னொரு சம்பவம் நடந்தது. ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தன் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடுவதற்காக ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் மாட்டினார். அதற்குக் காப்புரிமையும் பெற்றார். ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நாற்பது வருடத்துக்கு முன்பே இதே யோசனையைப் பதிவு செய்திருந்ததால், டன்லப்பின் காப்புரிமை பின்னால் செல்லாமல் போனது. ஆனாலும் காற்றடைத்த டயர் உலகம் முழுக்கப் பரவியது. முதலில் சைக்கிளுக்கு, பிறகு காருக்கு. 1895-இல் பிரான்சில் மிஷெலின் சகோதரர்கள் காற்றடைத்த டயர் மாட்டிய காரைப் பந்தயத்தில் ஓட்டிக் காட்டினார்கள்.

டயர் இருந்தது, ரப்பர் போதவில்லை. அன்று உலகத்துக்கு வேண்டிய நல்ல ரப்பர் பெரும்பாலும் அமேசான் காட்டிலிருந்து வந்தது. காட்டில் தனித்தனியாக நிற்கும் மரங்களைத் தேடிப் போய்ச் சிறு கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். கோடரி ஆழமாகப் பட்டால் மரம் நோய்ப்படும், பால் குறையும்.

ரப்பர் மரம் மட்டும் மலாயாவுக்கு முன்பே வந்துவிட்டது. 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் தப்பாஜோஸ் ஆற்றுப் பக்கத்திலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அவற்றில் மிகச் சிறு பங்குதான் முளைத்தது. நாற்றுகளில் பெரும்பகுதி சிலோனுக்குப் போனது. 1877-இல் 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பதைப் பேராக்கில் கோலகங்சாரில் நட்டார்கள். அந்த முதல் தலைமுறை மரம் ஒன்று இன்றும் கோலகங்சாரில் நிற்கிறது.

ரிட்லி வந்தபோது சிங்கப்பூர் பூங்காவின் ரப்பர் மரங்களைப் புதர் மூடியிருந்தது. யாரும் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. மிளகு, காப்பி, கரும்பு, கம்பியர் என்று பணம் தரும் பயிர்கள் இருக்கும்போது, வளர ஆறேழு வருடம் எடுக்கும் காட்டு மரம் எதற்கு என்பதுதான் அன்றைய எண்ணம். ரிட்லி புதரை வெட்டச் சொன்னார். மரங்களைச் சோதிக்கத் தொடங்கினார்.

மரம் சாகாமல் பால் எடுப்பது எப்படி

ரிட்லி ரப்பர் மரத்தைக் கண்டுபிடித்தவர் என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. மரத்தை அமேசான் மக்கள் நெடுங்காலமாக அறிவார்கள். ரிட்லி கண்டது, ஒரே மரத்திலிருந்து வருடக்கணக்கில், அதைக் கொல்லாமல் பால் எடுக்கும் வழி.

பால் ஓடும் குழாய்கள் மரத்தின் கட்டையில் இல்லை, பட்டையில் இருக்கின்றன. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. அதில் காயம் பட்டால் பட்டை மறுபடி ஒழுங்காக வளராது, முண்டும் முடிச்சுமாகிவிடும். எனவே வெட்டு அந்தப் படலத்தைத் தொடக்கூடாது. சாய்வாக ஒரு கோடு போட்டு, அடுத்த முறை அதே கோட்டின் கீழ் விளிம்பில் மெல்லிய சீவல் ஒன்றை எடுத்தால் போதும். அடைபட்ட குழாய்கள் திறந்துகொள்ளும், பால் மறுபடி ஓடும். முதல் வெட்டைவிட அடுத்தடுத்த வெட்டுகளில் பால் கூடுகிறது என்பதையும் அவர் கண்டார். நடுவில் ஒரு நேர்க்கோடு, இருபுறமும் சாய்கோடுகள் என்று மீன்முள் போன்ற அமைப்பில் வெட்டினார். 1895 வாக்கில் இந்த முறை முழுமை பெற்றது. பிற்காலத்தில் அது ஒற்றைச் சாய்கோடாகச் சுருங்கியது. நம் அம்மாக்களும் பாட்டிகளும் வெட்டியது அந்தக் கோட்டைத்தான்.

எந்த நேரத்தில் வெட்டுவது என்பதையும் அவர் சோதித்தார். விடிகாலையில் மரத்துக்குள் நீர் அழுத்தம் கூடுதல். பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏறக் குறையும். இந்த ஒரு வரி விஞ்ஞானம்தான் பிறகு லட்சக்கணக்கான தமிழர்களின் நாளை நிர்ணயித்தது. இருட்டில் எழுந்து பெரட்டுக்கு நின்றது, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனது, தூங்கும் பிள்ளையைத் தூக்கிப்போய் ஆயாக் கொட்டகையில் விட்டது, எல்லாம் அதனால்தான்.

இந்த வேலைக்கு வேண்டிய கை நுணுக்கத்தைச் சீவாதவர்கள் அறிய மாட்டார்கள். படலத்துக்கு மேலே ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையை விட்டு, ஒரே ஆழத்தில், ஒரே சாய்வில், நூற்றுக்கணக்கான மரங்களை விடியுமுன் சீவ வேண்டும். உளி ஆழமாகப் போனால் மரத்தில் காயம், கங்காணியிடம் ஏச்சு, கூலியிலும் பிடிப்பு. மேலோட்டமாகப் போனால் மங்கு நிறையாது. ரிட்லி சொன்ன முறை நூலில் சில பக்கங்கள். அதைக் கையில் கொண்டுவந்தவர்கள் தொழிலாளர்கள்.

சட்டைப்பையில் விதைகள்

முறை தயாரானது. நடுவதற்குத்தான் ஆள் இல்லை. ரிட்லி தோட்டக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் பேசினார். சட்டைப்பையில் விதைகளோடு அலைந்தார். பார்க்க வருகிறவர்கள் கையில் விதையைத் திணித்து அனுப்பினார். ரப்பர் விதை சீக்கிரம் முளைப்புத் திறனை இழந்துவிடும் என்பதால் அந்த அவசரம். மேலதிகாரிகள் இதை வேலையற்ற வேலையாகப் பார்த்தார்கள். ஐரோப்பியர் வட்டாரத்தில் அவருக்குக் கிறுக்கு ரிட்லி என்று பெயர் விழுந்தது. ரப்பர் ரிட்லி என்ற மரியாதைப் பெயர் பிறகு வந்ததுதான்.

முதலில் நம்பியவர்களில் ஒருவர் மலாக்காவின் டான் சே யான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார்.

இந்த இடத்தில் நம் காஜாங் வருகிறது. அன்று காஜாங் வட்டாரம் காப்பித் தோட்டங்களுக்குப் பேர்போனது. கிண்டர்ஸ்லி சகோதரர்கள் இங்கே இன்ச் கென்னத் தோட்டத்தை நடத்தினார்கள். ஸ்காட்லாந்துக் கடலில் உள்ள ஒரு சின்னத் தீவின் பெயர் அது. 1890-களின் நடுவில் அவர்கள் சில ஏக்கரில் ரப்பரை நட்டார்கள். மலாயாவில் வணிக நோக்கில் நடப்பட்ட முதல் ரப்பர் நிலங்களில் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. சில வருடங்களில் பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை சரிந்தது. மலாயாக் காப்பித் தோட்டக்காரர்கள் திகைத்து நின்றபோது, காஜாங்கின் அந்தச் சில ஏக்கர் பலருக்கு வழி காட்டியது.

இன்று சத்தேவுக்காகக் காஜாங் வருகிறவர்களுக்கு இது தெரியாது. எம்.ஆர்.டி. நிலையம், தாமான்கள், நெடுஞ்சாலை நெரிசல் இவற்றுக்கு அடியில் அந்த நிலம் கிடக்கிறது.

விலை ஏறியது, கப்பல்கள் வந்தன

1908-இல் அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் மாடல் டி காரை வெளியிட்டது. கார் பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்த காலம் முடியத் தொடங்கியது. காருக்கு நான்கு டயர். அவை தேய்ந்தால் இன்னும் நான்கு. 1910-இல் லண்டன் சந்தையில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. லண்டனிலும் எடின்பரோவிலும் ரப்பர் கம்பெனிகள் முளைத்தன. காஜாங்கின் பெயரைத் தாங்கிய இன்ச் கென்னத் காஜாங் ரப்பர் கம்பெனியும் 1910-இல் ஸ்காட்லாந்தில் பதிவானதுதான். 1913 வாக்கில் ஆசியத் தோட்ட ரப்பர் அமேசான் காட்டு ரப்பரை முந்தியது.

மரம் பெருகியபோது கையும் வேண்டியிருந்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிவுக்கு வந்தாலும், கங்காணி முறையில் ஆள் சேர்ப்பது தொடர்ந்தது. கங்காணி தன் ஊருக்கே போய், தன் உறவையும் சாதியையும் சொல்லி ஆள் திரட்டினார். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறினார்கள். காடு வெட்டிய புது மண்ணில் மலேரியா ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. 1930-களின் தொடக்கத்தில் விலை சரிந்தபோது, ஆயிரக்கணக்கானோர் அதே கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1938-இல் இந்திய அரசு ஆள் சேர்ப்பைத் தடுத்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் கூலிக்காகவும் மரியாதைக்காகவும் வேலை நிறுத்தம் செய்தார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. ஆட்சி துப்பாக்கியால் பதில் சொன்னது, தலைவர் ஆர்.எச்.நாதன் நாடு கடத்தப்பட்டார். அடுத்து வந்த ஜப்பானியர் காலத்தில் தோட்டத் தமிழர்கள் பலர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பவேயில்லை.

இதற்கெல்லாம் ரிட்லியைக் குற்றம் சொல்ல முடியாது. கங்காணி முறையை அவர் வகுக்கவில்லை. கூலியை அவர் நிர்ணயிக்கவில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பார்க்கலாம். மரம் நோகாமல் பால் எடுக்க ஒரு மனிதர் ஏழு வருடம் உழைத்தார். எத்தனை நாளுக்கு ஒருமுறை வெட்டினால் மரம் தளராது என்று கம்பெனிகள் கணக்குப் போட்டன. வெட்டுகிற மனிதர் தளராமல் இருக்க என்ன வேண்டும் என்ற கணக்கை யாரும் அந்த அக்கறையோடு போடவில்லை.

செடிகளோடு நூறு வயது

ரிட்லியை ரப்பரோடு மட்டும் நிறுத்திவிடுவது அவருக்கும் நியாயமில்லை. மலாயாவின் காடுகளிலும் மலைகளிலும் நடந்து ஆயிரக்கணக்கான செடிகளைச் சேகரித்தவர் அவர். இன்று சிங்கப்பூரின் தேசிய மலராக இருக்கும் ஆர்க்கிட், ஆக்னஸ் ஜோவாக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணியின் தோட்டத்தில் பூத்தது. 1893-இல் அதை உலகுக்கு விவரித்து எழுதியவர் ரிட்லிதான்.

1912-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய அவர், கியூ பூங்காவுக்கு அருகிலேயே குடியேறினார். ஓய்வு என்பது பெயருக்குத்தான். 1922 முதல் 1925 வரை மலாயாத் தீபகற்பத்தின் தாவரங்களைப் பற்றி ஐந்து தொகுதிகள் வெளியிட்டார். விதைகள் உலகில் எப்படிப் பரவுகின்றன என்பதைப் பற்றிய பெரிய நூல் 1930-இல் வந்தது. காற்றில் பறந்தும் நீரில் மிதந்தும் பறவை வயிற்றில் பயணித்தும் போகும் விதைகளைப் பற்றி அவர் அதில் எழுதினார். தன் சட்டைப்பையில் பயணித்த விதைகளை நினைத்திருப்பாரோ என்னவோ.

வாழ்நாள் முழுவதும் தனியாக இருந்தவர், 83 வயதில் திருமணம் செய்துகொண்டார். 1955 டிசம்பரில் நூறு வயதை எட்டினார். 1956 அக்டோபர் 24-ஆம் நாள் கியூவில் காலமானார். மலாயா சுதந்திரம் பெற இன்னும் பத்து மாதங்கள் இருந்தன. சுதந்திர மலாயாவின் வருமானத்தில் பெரும்பங்கு அப்போது ரப்பரிலிருந்துதான் வந்தது.

அதன் பிறகு நடந்தது நமக்குத் தெரியும். செயற்கை ரப்பரின் போட்டி, பிறகு செம்பனை, பிறகு வீடமைப்பு. காஜாங்குக்கு அருகில் உயர் விளைச்சல் ரப்பர் ரகங்களுக்குப் பேர்போன பிராங் பெசார் தோட்டமும் அதன் சுற்றுத் தோட்டங்களும் இருந்த இடத்தில் இன்று புத்ராஜெயா எழுந்து நிற்கிறது. அங்கிருந்து டிங்கில் தாமான் பெர்மாத்தாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள், விரிசல் விட்ட அடுக்குமாடியில் சொந்த வீட்டுக்காகப் பல வருடம் குரல் கொடுக்க வேண்டியிருந்தது.

மறுபடியும் டயர் கடைக்கு

பாட்டியின் கேள்விக்கு வருவோம். கார் டயரில் இயற்கை ரப்பரும் செயற்கை ரப்பரும் கலந்திருக்கின்றன. சாலையைத் தொடும் மேல்பகுதியில் செயற்கை ரப்பர் அதிகம். வளைந்து கொடுக்க வேண்டிய பக்கச் சுவரில் இயற்கை ரப்பர் முக்கியம். லாரி டயரில் இயற்கை ரப்பரின் பங்கு கூடும். விமான டயரில் அதுவே மிகுதி. சூட்டைத் தாங்கி, கிழியாமல் நிற்பதில் மரத்துப் பாலுக்கு நிகரான ஒன்றை ஆலைகளால் இன்னும் முழுதாகச் செய்ய முடியவில்லை.

அண்ணன் காருக்கு வேண்டியது 225/45 ஆர் 17, 94 டபிள்யூ. வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் கடையில் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். 225 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 45 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை என்பது. 17 என்பது ரிம்மின் அளவு, அங்குலத்தில். 94 என்றால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும். டபிள்யூ என்றால் மணிக்கு 270 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும்படி செய்தது. அந்த வேகத்தில் ஓட்டச் சொல்லவில்லை. ஆனால் ஸ்போர்ட்ஸ் செடானுக்குக் கார் நிறுவனம் சொன்ன குறியீட்டைவிடக் குறைந்த டயரை மலிவுக்காகப் போடுவது ஆபத்து.

பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1824 என்றால் 2024-ஆம் வருடத்தின் 18-ஆவது வாரத்தில் செய்தது. பூ தேயாமலே பழசாகிப்போன டயரை அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். பூவின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது; நம் ஊர் மழைக்கு அதற்கு முன்பே மாற்றுவது நல்லது. இரண்டு மட்டும் மாற்ற வசதி இருந்தால், புதிய இரண்டையும் பின்னால் போட வேண்டும். ஈரச் சாலையில் காரின் பின்பக்கம் வழுக்காமல் பிடித்து நிறுத்த அதுதான் வழி. அண்ணன் நான்கையும் மாற்றினார். சத்தம் குறைந்ததைவிட மழையில் நன்றாகப் பிடிக்கும் டயரைத்தான் எடுத்தார். விலை சற்றுக் கூடுதல்.

டயர் மாட்டி முடிக்கும்வரை பாட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரிட்லியைப் பற்றி நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார். ஒரே ஒரு சந்தேகம் அவருக்கு. அந்தத் துரை தானே மரம் வெட்டினாரா, ஆளை வைத்து வெட்டினாரா என்று கேட்டார். தானே சோதித்திருப்பார், ஆளும் இருந்திருப்பார்கள் என்றேன். அப்படியென்றால் அந்த ஆட்களின் பெயரையும் எழுது என்றார்.

அந்தப் பெயர்கள் எங்கும் பதிவாகவில்லை. நான் படித்த வரலாற்றுப் பாடத்தில் ரிட்லிக்கு ஒரு பெயரும் ஒரு படமும் இருந்தன. பால் வெட்டியவர்களுக்கு இந்தியத் தொழிலாளர்கள் என்ற இரண்டு சொற்கள் இருந்தன. பிற்காலத்துப் பெயர்களையாவது நாம் காப்பாற்றலாம். உங்கள் வீட்டிலும் மரம் சீவிய ஒருவர் இருப்பார். எந்தத் தோட்டம், எந்த நிரை, எத்தனை மரம், யாரோடு வேலை செய்தார் என்று இந்த வாரமே கேளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பாட்டி சொன்னதை நான் எழுதத் தொடங்கிவிட்டேன். முதல் நாளிலேயே பதினேழு பெயர்கள் வந்தன.